ஒரே தளிகை

அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் யாராவது என்னிடம் "அது வேற" என்று சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. பஸ் கண்டக்டர் பாவம், "அது வேற ரூட்டும்மா" என்று சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பார். நான் அவரை முறைத்துக்கொண்டே வாலாஜாபாத் வரைக்கும் வருவேன். அந்த மனுஷன் இந்த இரண்டு வார்த்தைகளையும் எனக்கு ஆகாததாக ஆக்கிவிட்டுப் போய்விட்டார்.

பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். தளிகை என்றால் சமையல்தான். ஆனால் அவர் காதில் விழும்படி சமையல் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்கப் பாடம் நடக்கும். நெற்றியில் பளிச்சென்று திருமண், பின்னால் சின்னக் குடுமி, இடுப்பில் எப்போதும் ஈரம் சொட்டுகிற வேட்டி. தெருவில் எல்லாருக்கும் அவர் மாமா. எனக்கும் மாமா.

நான் பிள்ளையார்பாளையத்துப் பெண். அப்பா தறி நெய்தார், நான் லேப் டெக்னீஷியனுக்குப் படித்தேன். சின்னக் காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் போகிற தெருவில் ஒரு டாக்டர் மாடியில் கிளினிக்கும் கீழே சின்ன லேபும் வைத்திருந்தார். அந்த லேபில்தான் எனக்கு வேலை. காலையில் நான் கதவைத் திறந்து பெருக்கிக்கொண்டிருக்கும்போது மாமா கோயிலிலிருந்து முதல் நடை வருவார். லேபுக்கு உயரமான படிகள். அந்தப் படியில் அவர் கால் வைத்ததே கிடையாது. உள்ளே ரத்தம், மூத்திரம், இன்னும் என்னென்னவோ இருக்கிறதே, பட்டால் மடி போய்விடும், திரும்பக் குளிக்க வேண்டும். அதனால் நடுத்தெருவில் நின்றுகொண்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவார்.

"ஏண்டி பொண்ணே, இன்னிக்கு யாரோடதை டப்பாவுல அடைச்சு வெச்சிண்டு உக்காந்திருக்கே?"

"மெதுவா பேசுங்க மாமா. ஆளுங்க வர்ற நேரம்."

"வரட்டுமே. நாலு பேருக்கும் தெரியட்டும், நன்னா இருக்கறவனைப் பிடிச்சுக் கெடுக்கற இடம் இதுன்னு."

இப்படிச் சொல்லிவிட்டு, மந்தாரை இலையில் சுற்றிய கோயில் இட்லித் துண்டு ஒன்றைக் கீழ்ப்படியின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்வார். "எடுத்துக்கோ. சுக்கு, மிளகு, சீரகம். உன் லேபுல இருக்கற அத்தனை வியாதிக்கும் இதுல மருந்து இருக்கு" என்பார். அந்த இட்லி வாயில் போட்டதும் கோபமெல்லாம் போய்விடும். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும்.

உலகத்தில் இருக்கிற எல்லா வியாதிக்கும் அவரிடம் ஒரே காரணம்தான் உண்டு, சூடு. தலைவலி என்றால் சூடு. கண் எரிந்தால் சூடு. தெருக்கோடியில் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தது. அதற்கும் "உடம்புல சூடு ஜாஸ்தி, எலும்பு வறண்டு போச்சு" என்றார். சைக்கிளில் போகும்போது மாடு முட்டி விழுந்த எலும்பு மாமா அது! சொன்னால், "மாடு எல்லாரையும்தான் முட்றது. எல்லாருக்குமா உடையறது?" என்பார். இந்த மாதிரி ஆளிடம் என்னதான் பேசுவது?

ஒருமுறை கடும் ஜுரம் வந்து, டாக்டரையே வீட்டுக்கு வரவழைத்து ஊசி போட்டுக்கொண்டார். ஜுரம் விட்டு எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நான் விடவில்லை.

"இங்கிலீஷ் மருந்தே ஆகாதுன்னீங்களே, இப்ப ஊசி மட்டும் எப்டி மாமா?"

"அது வேற."

"இன்னா வேற?"

"ஊசி வெளியிலேர்ந்து உள்ளே போறது. நீ கேக்கறதெல்லாம் உள்ளேர்ந்து வெளியே வரது. அது வேற, இது வேற."

எதற்கும் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்துவிடுவார். எந்தப் பக்கம் எது போகும் என்பது அவருக்கும் பெருமாளுக்கும் மட்டும்தான் தெரியும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, அவருடைய அண்ணன் சாகிற வரைக்கும். அண்ணன் மெட்ராஸில் இருந்தார். மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று வைத்துக்கொண்டு, சுவரில் எழுதியிருந்த விளம்பரத்தைப் பார்த்து லேகியம் வாங்கித் தின்றுகொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது மூலம் இல்லை, பெருங்குடலில் புற்றுநோய், ஈரல் வரைக்கும் போய்விட்டது என்றார்கள். கடைசி நாட்களில் மாமாதான் போய்க் கூட இருந்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபின் கொஞ்ச நாள் தெருவில் அவர் குரலே கேட்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இது சில குடும்பங்களில் ரத்த வழியில் வரும், கூடப் பிறந்தவர்கள் அவசியம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று. மாமாவின் அப்பாவும் வயிற்றில் கட்டி வந்துதான் போனாராம். மாமாவுக்கு ஒரே பெண், தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் லேபுக்குப் போன் போட்டு அழுதாள். "நான் சொன்னா கேக்க மாட்டார். நீ தினமும் பாக்கறே. எப்படியாவது பண்ண வெச்சுடுடி" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு என் நிம்மதி போயிற்று.

டாக்டரே ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, தெருவில் நின்ற மாமாவிடம் பொறுமையாகச் சொன்னார். "பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல சாமி. நியாயமா உங்களுக்கு நேரா குடலுக்குள்ள டியூப் விட்டுத்தான் பாக்கணும். அதுக்கு நீங்க ஒத்துக்க மாட்டீங்க. முதல்ல மலத்துல கண்ணுக்குத் தெரியாம ரத்தம் இருக்குதான்னு பார்ப்போம். ஆரம்பத்துலயே பிடிச்சுட்டா முழுசா குணமாக்கிடலாம்."

"டாக்டர் சார், தேடிண்டு போனா எதுவும் கெடச்சுடும். எனக்கு என்ன இருக்கு? ஒண்ணும் இல்லை."

"இல்லாதப்பவே பார்க்கறதுதான் சாமி இது."

"இல்லாததை எதுக்குப் பாக்கணும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் மாடி ஏறிவிட்டார். பொறுமை உள்ளவர், பிழைத்தார். எனக்கு அந்த வசதி இல்லை, மறுநாள் காலையும் மாமா அதே இடத்தில் வந்து நிற்பாரே.

அதற்குப்பின் தினமும் நடந்தது சண்டைதான். நான் டப்பாவைக் காட்டுவேன், அவர் கோடு போடுவார்.

"மாமிசம் திங்கறவாளுக்கு வர வியாதிடி அது. நான் வெங்காயமே தொடாதவன்."

"உங்க அண்ணனும் தொடாதவர்தானே மாமா?"

"அது வேற. அவன் மெட்ராஸ்ல கண்ட ஹோட்டல்ல சாப்ட்டான்."

"உங்க அப்பா?"

"அது வேற. அந்தக் காலத்துல வைத்தியம் ஏது?"

"இப்ப இருக்குதே மாமா! அதைத்தான சொல்லிக்கினே இருக்கேன்!"

"ஏகாதசிக்கு ஏகாதசி பட்டினி கிடக்கறேன். மறுநாள் குடல் அலம்பி விட்ட பாத்திரம் மாதிரி இருக்கும். அதுல என்ன தங்கும் சொல்லு?" என்பார். இன்னொரு நாள், வயிற்றைத் திறந்து காற்று பட்டால்தான் அந்த வியாதி பரவும், அண்ணாவுக்கு அப்படித்தான் ஆச்சு என்பார். கேன்சர் என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "அந்த வியாதி" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிடும். பயம். மனுஷனுக்கு நடுங்குகிற பயம். அதை ஒத்துக்கொண்டு தொலைத்தால் ஒருவழியாகப் பேசலாம், ஒத்துக்கொள்ள மாட்டாரே.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த டப்பா. பிளாஸ்டிக் டப்பாவும் குச்சியும் அவர் வீட்டுக்குள் நுழைவதா? பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற கையால் அதை எடுப்பதா? எடுத்து, தெருவோடு ஊர்வலமாகக் கொண்டுவந்து, என்னிடம் கொடுப்பதா? கேட்கும்போதே காதைப் பொத்திக்கொள்வார்.

மாமியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மாமி பேச மாட்டாள். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சை அவரே பேசிவிடுவதால் மாமிக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. மத்தியானம் எனக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து தருவாள். அவளும் மடிதான், ஆனாலும் படியேறி உள்ளே வந்து பெஞ்சில் உட்காருவாள். வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம் என்பாள். அந்த வருஷம் பெஞ்சில் உட்காருகிற நேரம் நீண்டுகொண்டே போயிற்று. உதடெல்லாம் வெளுத்திருந்தது. "என்னா மாமி, டயர்டா?" என்றால், "வெயில்டி" என்பாள். மாமா சொல்கிற சூடு மாமியிடம் வெயிலாகியிருந்தது. எங்கள் கவனமெல்லாம் மாமா மேல். டாக்டருக்கும் மாமா, மகளுக்கும் மாமா, எனக்கும் மாமா. அண்ணனோடு ரத்த சம்பந்தம் அவருக்குத்தானே? மாமிக்கு என்ன சம்பந்தம்?

வைகாசித் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த வாரம், மகள் காஞ்சிபுரத்துக்கே வந்து, அப்பா டெஸ்ட் பண்ணிக்கொள்கிற வரைக்கும் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஒருநாள் தாக்குப்பிடித்தார். மறுநாள் காலை தெருவில் வந்து நின்று, "எங்கே, அந்த எழவைக் குடு" என்றார். என்னால் நம்ப முடியவில்லை. எப்படி எடுக்க வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். டப்பாவைக் கையால் வாங்கவில்லை. பையின் வாயைத் திறந்து பிடித்தார், நான் மேல்படியிலிருந்து போட்டேன்.

அடுத்த நாள் நான் வருவதற்கு முன்னாலேயே கீழ்ப்படியில், மந்தாரை இலையில் இட்லி வைக்கிற அதே ஓரத்தில், பை இருந்தது. எதிர்ச்சாரியில் அவர் காவலுக்கு நின்றுகொண்டிருந்தார். "ஆச்சு. இனிமே யாரும் என்னை ஒண்ணும் கேக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, பெரிய யாகத்தை முடித்தவர் மாதிரிக் கோயிலுக்கு நடந்தார். மகள் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

மருந்துத் துளியை விட்ட உடனேயே நீலம் பூத்தது. ரத்தம் இருந்தால்தான் அந்த நிறம் வரும். சந்தேகத்துக்கு இடமே இல்லை. இன்னொரு முறை செய்தேன். அதே நீலம். மாடிக்கு ஓடி டாக்டரிடம் காட்டினேன். "உடனே கூட்டிட்டு வா" என்றார். கதவைச் சாத்திவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். மனுஷனுக்கு எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினேன். அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போயிற்றோ, அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மடப்பள்ளிக்குப் பின்பக்கம் அவர் தண்ணீர் எடுக்க வெளியே வருகிற வாசலில் நின்றேன். வந்தார்.

"தள்ளி நில்லுடி, மடி."

"மாமா, ரிசல்ட் வந்துச்சு. ரத்தம் இருக்குது மாமா. நிறைய இருக்குது. டாக்டர் உடனே வரச் சொன்னாரு."

முகம் சுருங்கும், உட்கார்ந்துவிடுவார், பிடித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவரோ சிரித்தார். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மாட்டிண்டியா? அது என்னோடதே இல்லைடி."

"இன்னாது?"

"மடப்பள்ளிக்குப் போறவன் கார்த்தால எழுந்து டப்பாவும் குச்சியுமா உக்காந்திருப்பேன்னு நெனச்சியா? ஆத்துல ஒரே தளிகை. ஒரே அரிசி, ஒரே உப்பு, ஒரே நெய். ரெண்டு வயித்துலயும் ஒண்ணுதானே இருக்கும்? அவ குடுத்தா என்ன, நான் குடுத்தா என்ன? அதான் அவளையே குடுக்கச் சொ…"

அந்தப் பேச்சை அவர் முடிக்கவில்லை. சிரிப்பு வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. என்னைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"அவளோடதா?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்கதான் மாமா சொல்றீங்க!"

"அவளுக்கு என்ன? அவ ஒண்ணும் சொல்லலையே."

அப்புறம் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். தள்ளி நில் என்று சற்றுமுன் சொன்னவர். ஈர வேட்டியும் மடியுமாக, தறிக்காரர் வீட்டுப் பெண்ணின் கையை, காலையிலிருந்து கண்டதையும் தொட்ட கையைப் பிடித்து, "வா" என்று இழுத்துக்கொண்டு நடந்தார். அடுப்பில் என்ன இருந்ததோ, யார் இறக்கினார்களோ.

மாமி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா போய் எதிரில் நின்றார். நான்தான் கேட்டேன்.

"மாமி, வெளிக்கிப் போறப்ப ரத்தம் வருதா?"

மாமி அவரைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எத்தினி நாளா?"

"போன நவராத்திரிக்கு முன்னாடியிலேர்ந்தே. சூடுன்னு நெனச்சேன். இவர் எல்லாருக்கும் சொல்றதுதானே. மோருல வெந்தயம் போட்டுக் குடிச்சேன். கொஞ்சம் நிக்கும். மறுபடி வரும்."

"ஏன் மாமி சொல்லல? தினம் வந்து பெஞ்சுல உக்காந்தீங்களே!"

"என்னை யாரும் கேக்கலையேடி."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

பொய் சொல்லத் தெரியாதவள்.

"மாட்டேன்" என்றாள்.

எனக்கு அந்த வாழைக்காயில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. புருஷன் கேட்டால் கொடுக்க மாட்டார், பெண்டாட்டி கேட்டாலும் சொல்ல மாட்டாள். எந்த லேபை எங்கே கொண்டுபோய் வைத்து இவர்களைக் காப்பாற்றுவது?

"அப்புறம் இவரு டப்பாவைக் குடுத்தப்ப மட்டும் எப்டிக் குடுத்தீங்க? அதுல ரத்தம் இருக்கும்னு தெரியாதா?"

மாமி அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். "தெரியும். அவருக்குன்னுதானே கேட்டார், எனக்குன்னு கேட்டா கூச்சமா இருந்திருக்கும். யாராவது பாத்தா பாக்கட்டும்னு குடுத்துட்டேன்."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

மெட்ராஸில் ஆபரேஷன் நடந்தது. கட்டி மலக்குடலின் அடியில் இருந்ததால் அந்த வழியையே அடைத்துவிட்டு, வயிற்றில் பக்கவாட்டில் ஒரு வாய் வைத்து, பை மாட்டி அனுப்பினார்கள். இனி ஆயுசுக்கும் அந்தப் பைதான். வேறு எங்கும் பரவவில்லை, நல்ல நேரத்தில் பிடித்தீர்கள் என்று சொன்னார்களாம். மாமா அதை யாரிடமும் சொல்லவில்லை, மகள்தான் போனில் சொன்னாள்.

பையை மாற்றச் சொல்லித்தர நான் வீட்டுக்குப் போனேன். மாமி சமையலறை, பூஜை அறைப் பக்கமே போகாமல், பின்கட்டில் கிணற்றடியில் பாயைப் போட்டுக்கொண்டு கிடந்தாள். தட்டு, டம்ளர் எல்லாம் தனி. "இதை வயித்துல கட்டிண்டு பெருமாள் உள்ளுக்கு எப்படிடி போறது? தளிகை எப்படிப் பண்றது? நான் இனிமே இங்கேதான்" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவை நோக்கித் திரும்பினேன். இந்த வீட்டில் கோடு போடுகிறவர் அவர்தானே, இப்போது என்ன கோடு போடப்போகிறார் என்று பார்த்தேன்.

"எழுந்திருடி. உள்ளே வா" என்றார் மாமியிடம்.

"ஆசாரம்…"

"என்ன ஆசாரம்? எல்லார் வயித்துலயும் இருக்கறதுதானே அது? பெருமாளைச் சேவிக்கப் போறச்சே எவனாவது குடலைக் கழட்டி வாசல்ல வெச்சுட்டுப் போறானா? நமக்கெல்லாம் தோலுக்கு உள்ளே இருக்கு, உனக்கு வெளியே இருக்கு. அவ்வளவுதானே? எழுந்திரு."

பாயைச் சுருட்டி அவரே மூலையில் வைத்தார். பையை நான் கழற்ற ஆரம்பித்ததும், "தள்ளு, எனக்குக் காட்டு" என்றார். அன்று பார்த்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அவரேதான். காலையில் மாமிக்குப் பையை மாற்றி, சுற்றிலும் துடைத்து, பழையதைச் சுத்தம் செய்து, அதன்பின் கிணற்றில் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு மடப்பள்ளிக்குப் போவார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மாமி எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிக்கிற வாசனை மறுபடி தெருவுக்கு வந்தது.

எல்லாரும் அவரைக் கொண்டாடினார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் வீட்டுக்கே போய்ப் பிடித்துவிட்டேன்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். தினம் இந்தக் கையாலதான பையைக் கழுவுறீங்க? குடலைக் கழட்டி வெச்சுட்டா கோயிலுக்குப் போறோம்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப ஒரு சின்ன டப்பாவுக்கு அத்தினி நாளு என் உயிரை எதுக்கு வாங்கினீங்க? இப்பயாச்சும் உங்களோடதைக் குடுங்க!"

"அது வேற."

"எது வேற!" என்று கத்திவிட்டேன். அடுத்த வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்தாள்.

"அவளோடது வேற. அவளுக்கு நான் பண்றேன். என்னோடது எதுக்கு? அதான் ஆத்துக்கு ஒருத்தர் குடுத்தாச்சே."

இத்தனை பட்டும் இந்த மனுஷன் இதைச் சொல்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்போது மாமியின் குரல் வந்தது. உள்ளே இருந்து, உரத்து. அந்தக் குரலை அந்த உயரத்தில் நான் கேட்டதே இல்லை.

"உங்களுக்குன்னு நான் குடுத்தேன். இப்போ எனக்குன்னு நீங்க குடுங்கோ. அண்ணாவுக்குப் பண்ணினதையும் எனக்குப் பண்ணினதையும் உங்களுக்குப் பண்ண இங்கே யார் இருக்கா? என்னால குனிய முடியாது."

நான் போய்விட்டேன்.

மறுநாள் காலை லேபைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு கிழவர் வந்துகொண்டிருந்தார். காய்ந்த வேட்டி, கலைந்த குடுமி, வெறும் நெற்றி. யாரோ கிராமத்துப் பெரியவர், கூரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருப்பார் என்று நினைத்துத் துடைப்பத்தை ஒதுக்கினேன். கிட்டே வந்தபின்தான் தெரிந்தது. குளிக்காமல், திருமண் இல்லாமல் அவரைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. இட்லிக் கடையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பை கூட இல்லை, டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று பார்த்தேன். படியேறினார். உள்ளே வந்தார். மாமி உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்து, "பாரு. இங்கேயே இருக்கேன்" என்றார்.

நான் துளியை விட்டேன். காத்திருந்தேன். நிறம் மாறவில்லை. மறுபடி செய்தேன். மாறவில்லை.

"ஒண்ணும் இல்ல மாமா" என்றேன். "ஆனா இதோட முடியல. உங்க குடும்பத்துக்கு இது போதாது. டாக்டர் சொல்ற டியூப்பையும் போட்டுப் பாத்துடணும். இதை வருஷா வருஷம் குடுக்கணும்."

"ம்" என்றார். கோடு போடவில்லை, வாதாடவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. சீண்டிப் பார்த்தேன்.

"ஒரே தளிகைன்னீங்களே மாமா. ஒரே அரிசி, ஒரே உப்பு. அவங்களுக்கு வந்துச்சு, உங்களுக்கு இல்லையே. இப்ப இன்னா சொல்றீங்க?"

அவர் அந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"நீ சொன்னபடி அன்னிக்கே என்னோடதைக் குடுத்திருந்தேன்னு வை. இதே மாதிரி ஒண்ணும் இல்லேன்னுதான் சொல்லியிருப்பே. டாக்டர் சந்தோஷப்பட்டிருப்பார். பொண்ணு ஊருக்குப் போயிருப்பா. நீயும் மோரை வாங்கிக் குடிச்சுண்டு இருந்திருப்பே. அவ இந்தப் பெஞ்சுல உக்காந்து உக்காந்தே போயிருப்பா. இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். அவர் பண்ணியது ஏமாற்று வேலை, முட்டாள்தனம், யாரும் செய்யக்கூடாதது, பத்துப் பேர் இப்படிச் செய்தால் பத்துப் பேரும் சாவார்கள். எல்லாம் வரிசையாக என் நாக்கில் வந்து நின்றன. ஒன்றையும் அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. அவர் விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வேற, மாமா" என்றேன்.